விரதமும் சட்டமும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் பணித்தார்கள். அந்தச் சொல் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம் என்று கூறி அமர்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் என் கடமை முடிந்துவிடும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதற்குச் சற்று அப்பாற்பட்டது. தூய்மையான மின்சாரத்திற்கும் நீர்நிலைகளின் காப்பிற்கும் நம் மாநிலத்தில் தக்க சட்டங்கள் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது சிராவகர் கடமைகளுள் ஒன்று. இதுவே என் கருத்து. இதனைத் தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களை முன்னிறுத்தி விளக்க விரும்புகிறேன். என் ஆசிரியப் பணியில் பல ஆண்டுகள் அந்தப் பகுதியில் கழிந்தன. கழுகுமலைக்குத் தரிசனம் செய்யச் செல்லும் நம் குடும்பங்கள் பலவும் குற்றாலத்தில் நீராடித் திரும்புவது வழக்கம். ஆகவே அது உங்களுக்குப் புதிய ஊர் அன்று.

சாரல் என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. மலையின் பக்கத்திற்கும் சாரல் என்று பெயர். அந்த மலைப்பக்கத்தில் காற்றோடு தூவும் நுண்மழைக்கும் சாரல் என்று பெயர். இடத்தையும் மழையையும் ஒரே சொல்லால் குறித்த மக்கள், அவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதை அறிந்திருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மதிலைப் போல் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதி மேற்கே கேரளத்திலேயே பொழிந்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கத்தில், அந்த மதிலில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே காற்று விரைந்து நுழைகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் தூவுவதும், பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிறைந்து விழுவதும் அந்தக் காற்றின் கொடை. அருவி நீர் சிற்றாறாக ஓடி, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

அதே காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. கிழக்கே பாவூர்ச்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுச் செல்கிறது. மேற்கே நீரைத் தரும் காற்று கிழக்கே மின்சாரத்தைத் தருகிறது. தமிழகத்தில் இத்தகைய கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் சில சிறிய காற்றாலைகளோடு தொடங்கிய முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. இந்தியாவின் காற்றாலைத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நம் மாநிலத்தினுடையது.

இது ஏன் நமக்குரிய செய்தி என்று கேட்கலாம். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வானில் சேர்கிறது. அதற்காகத் தோண்டப்படும் மண், எரிக்கப்படும் தீ, கெடுக்கப்படும் காற்று, கொதிக்கும் நீர், வெட்டப்படும் காடு ஆகிய ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று கற்பிப்பது நம் சமயம். ஒரு விளக்கின் பொத்தானை அழுத்தும்போது இந்த ஐந்தின் மீதும் நம் கை படுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நம் முன்னோர் இதற்கு விரதம் என்னும் வழியைக் கண்டார்கள். கதிரவன் மறையுமுன் உண்பது, நீரை வடிகட்டிப் பருகுவது, பயனின்றி மண்ணை அகழாமலும் நீரைக் கொட்டாமலும் தீயை மூட்டாமலும் இருப்பது ஆகியன இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கங்கள். பயனற்ற தீங்கை விலக்குவதற்கு அநர்த்த தண்ட விரதம் என்று தனிப் பெயரே இட்டார்கள். இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் தொகுத்துரைக்க அருங்கலச்செப்பு என்னும் நூலும் நமக்கு உண்டு. உலகம் இன்று சிக்கனம் என்று புதிதாகப் பேசுவதை நம் பாட்டிமார் அடுக்களையில் நடத்திக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. விரதம் மட்டும் போதுமா?

நீரை வடிகட்டும் முறையை நினைத்துப் பாருங்கள். வடிகட்டுவதோடு அந்தச் செயல் முடிவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அதே கிணற்றில் மெல்ல விட வேண்டும் என்பது பெரியோர் விதித்த முறை. ஏனெனில் அவ்வுயிர்களின் வீடு அதுவே. அந்தக் கிணறே வற்றிப்போனால்? அந்த ஆற்றில் சாயமும் சாக்கடையும் கலந்துவிட்டால்? நாம் எத்தனை மென்மையாகத் துணியை உதறினாலும், அவ்வுயிர்களை நஞ்சுக்குள் விட்டவர்கள் ஆவோம். வடிகட்டுவது வீட்டுக்குள் நடப்பது. நீர்நிலையைக் காப்பது நாட்டுக்குள் நடக்க வேண்டியது. முதலாவது விரதம், இரண்டாவது சட்டம். விரதம் அதை ஏற்றவனைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் ஏற்காதவனையும் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது இல்லாவிடில் முதலாவது நிறைவு பெறாத காலத்தில் நாம் வாழ்கிறோம்.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்த 2014-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. இந்தப் பொருள்களை அருவியில் கொட்டக் கூடாது என்பதற்கு நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. பின்னர் 2022-இல், மலைப்பகுதிகளில் தனியார் விடுதிகள் சில இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகளை அமைத்துக்கொள்ளும் செய்தியும் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. அவற்றை ஆராய நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டு முறையும் யாரோ ஒருவர் மனுச் செய்தார், நீதிபதிகள் செவிசாய்த்தார்கள். அவர்களை வணங்குவோம். ஆயினும் ஒவ்வொரு தீங்கிற்கும் ஒவ்வொரு வழக்கு என்று இருந்தால், வழக்காட வசதியும் துணிவும் உள்ள இடத்தில் மட்டுமே அருவி பிழைக்கும். சட்டம் என்பது, வழக்காட ஆள் இல்லாத ஓடைக்கும் காவல் நிற்பது.

அந்தக் காவல் இல்லாவிட்டால் இழப்பவர் யார் என்பதையும் கண்டோம். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில், சீசன் தொடங்குமுன்பே, திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டு சென்றது. ஒரு நாளின் மழைக்குத் தட்பவெப்ப மாற்றமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அறிவியலார். ஆனால் வெப்பம் மிகுந்த காற்று மிகுதியான ஈரத்தைத் தாங்கும் என்பதும், அதனால் பெருமழை மேலும் பெருமழையாகும் என்பதும் அவர்கள் ஐயமின்றிக் கூறுவன. காலம் தவறிப் பொழியும் மழையும், காலத்தில் பொய்க்கும் சாரலும் குற்றாலத்துக்காரர்களின் பேச்சில் இப்போது இடம்பிடித்துவிட்டன.

இனிச் சட்டங்களின் கதைக்கு வருகிறேன். 2003 என்னும் ஒரே ஆண்டில் பிறந்த மூன்று சட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, மழைநீர் சேகரிப்பு. அந்த ஆண்டு தமிழக அரசு அதனைக் கட்டாயமாக்கியது. புதிய வீடு, பழைய வீடு என்ற வேறுபாடு இல்லை. கூரையிலிருந்து குழாய் இறங்கியது. அது மணலும் சரளையும் இட்ட குழிக்குள் சென்றது. குறைகள் உண்டு, பெயருக்கு அமைத்தவர்களும் உண்டு. ஆயினும் மழைநீர் வீணாகலாகாது என்னும் அறிவு ஒவ்வொரு கூரைக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம். எவ்வளவு ஆழம் தோண்டலாம், எங்கே தோண்டலாகாது என்பனவற்றை ஒழுங்குபடுத்த அதே 2003-இல் சட்டமன்றம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் ஏட்டில் உறங்கிய சட்டம் உறக்கத்திலேயே மறைந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நம்மில் பலர் கிணற்றுப் பாசனக் குடும்பத்தார். எனக்குத் தெரிய, நம் கூட்டங்களில் அதைப் பற்றி ஒரு தீர்மானம்கூட எழவில்லை.

மூன்றாவது, நாடாளுமன்றம் இயற்றிய மின்சாரச் சட்டம். அதன் 86-ஆம் பிரிவு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திற்கு ஒரு கடமையை விதிக்கிறது. காற்று, கதிரவன் போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலை ஊக்குவிக்க வேண்டும். மின்விநியோக நிறுவனம் தான் வழங்கும் மின்சாரத்தில் குறித்த விழுக்காட்டை அவற்றிலிருந்தே வாங்க வேண்டும் என்று ஆணையம் விதிக்க வேண்டும். 64-ஆம் பிரிவு, கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் பொதுமக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் கேட்க வேண்டும் என்கிறது. அதாவது வாயில் திறந்தே இருக்கிறது. உள்ளே சென்று பேசுபவர்களில் ஆலைகளின் வழக்கறிஞர்கள் உண்டு. காற்றாலை உரிமையாளர்கள் உண்டு. சாதாரணக் குடும்பத்தார் மிக அரியர்.

இந்த மூன்றும் கற்பிக்கும் பாடம் எளியது. சட்டம் பிறப்பதும் வாழ்வதும் கேட்பவர் இருப்பதைப் பொறுத்தது. செருமனி நாட்டில் 1990-ஆம் ஆண்டு மிகச் சிறிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. காற்றாலை முதலியவற்றின் மின்சாரத்தை மின்நிறுவனங்கள் நியாய விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்பதே அதன் சாரம். உழவர்கள் கூட்டாகக் காற்றாலை நிறுவத் தொடங்கினார்கள். அந்நாட்டின் மின்துறையே பின்னர் மாறிப்போனது. சட்டத்தின் பருமன் முக்கியமன்று. அது தொடும் இடமே முக்கியம்.

காற்றாலை என்றால் குற்றமற்றது என்று நான் கூறவில்லை. அகிம்சையைப் பேசுபவர்கள் இதையும் நேர்மையாக ஆராய வேண்டும். சுழலும் இறக்கைகளில் பறவைகளும் வௌவால்களும் மோதி இறக்கின்றன. கனமான இயந்திரத்தைக் கொண்டுசெல்ல இடும் சாலை ஓடையை மறித்தால் கீழேயுள்ள குளம் வறளும். விளைநிலம் விலைபோகும். நெடிய மின்கம்பிகள் வேறொரு தீங்கு. வடமேற்கு இந்தியாவின் பாலைநிலத்தில் அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் என்னும் பறவை அக்கம்பிகளில் மோதி இறப்பது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021-இல் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்ட நீதிமன்றம், 2024 மார்ச்சில் அதனைத் திருத்தி, ஒரு வல்லுநர் குழுவிடம் விட்டது. தட்பவெப்ப மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று கூறியதும் அதே தீர்ப்புத்தான். ஒரு தட்டில் பறவை. மறுதட்டில் தூய மின்சாரம். இரண்டையும் நிறுத்துப் பார்க்க ஒரு துலாக்கோல் வேண்டும்.

அந்தத் துலாக்கோல் இன்று நம்மிடம் இருக்கிறதா? 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி, பெருந்தொழில்கள் பலவற்றிற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் தேவை. அந்த அட்டவணையில் காற்றாலை இடம்பெறவில்லை. தூய ஆற்றலுக்குத் தடை கூடாது என்பது அதன் நல்ல நோக்கமாக இருக்கலாம். ஆனால் சுரண்டைக்கருகே ஒரு குளத்தின் வரத்துக்காலில் காற்றாலைச் சாலை குறுக்கிட்டால், அந்த ஊரார் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும் என்னும் விதி அந்த அறிவிக்கையில் இல்லை. இங்குதான் மாநிலச் சட்டத்திற்கு இடம் இருக்கிறது. மின்சாரமும் காடும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. தனியார் காடுகளைக் காக்க 1949-இலும், மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இலும் சட்டம் செய்த மாநிலம் இது. நமக்குப் பழக்கமில்லாத துறையன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு என்று கருதுகிறேன்.

ஒன்று, காற்றாலை அமைவிடச் சட்டம். குளம், ஓடை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைத் தவிர்த்து, பறவைகளின் வழித்தடத்தை ஆராய்ந்து, கிராம சபையின் கருத்தைக் கேட்டே இடம் தெரிவு செய்ய வேண்டும். பழுதடைந்த இயந்திரத்தை அகற்றும் பொறுப்பையும் நிறுவியவரே ஏற்க வேண்டும்.

இரண்டு, பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கு முதலிடம். தொடக்கக் காலத்து இயந்திரங்கள் 250 கிலோவாட் அளவினவும் அதற்குக் குறைந்தனவும் ஆகும். இன்றைய இயந்திரம் ஒன்று 2,000 கிலோவாட்டிற்கு மேல் தருகிறது. காற்று மிகுந்த நல்ல இடங்களைப் பழைய சிறு இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பல சிறியவற்றை எடுத்துவிட்டுச் சில பெரியவற்றை நிறுத்தினால், புதிய நிலத்தைத் தொடாமலே மின்சாரம் பெருகும். இதற்காகத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் ஒரு கொள்கையை வெளியிட்டிருப்பது பாராட்டத்தக்கது. கொள்கை மாறலாம், சட்டம் எளிதில் மாறாது.

மூன்று, நிலத்தடி நீருக்கும் அருவி நீர்ப்பிடிப்பிற்கும் உயிருள்ள ஒரு சட்டம். நீக்கப்பட்ட சட்டத்தின் குறைகளைக் களைந்து, சிறு உழவரை வருத்தாமல், பெருமளவில் உறிஞ்சுவோரைக் கட்டுப்படுத்துவதாக அது அமைய வேண்டும். அருவியின் நீரோட்டத்தைத் திருப்புவது தண்டனைக்குரிய குற்றம் என்று அதிலேயே எழுதப்பட வேண்டும்.

நான்கு, கூரைச் சூரிய ஆற்றல். மழைநீர்க் குழாய் 2003-இல் எவ்வாறு ஒவ்வொரு கூரைக்கும் வந்ததோ, அவ்வாறே புதிய பெரிய கட்டடங்கள், திருமண மண்டபங்கள், கல்விக்கூடங்கள் ஆகியவற்றின் கூரைகளில் சூரியத் தகடுகள் கட்டாயமாக வேண்டும். ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். கூரை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு புல்லையும் மிதிக்க வேண்டியதில்லை. இம்சை குறைந்த மின்சாரம் எது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

கேட்பதற்கு முன் செய்து காட்டுவதும் நம் மரபு. வீடுகளுக்கு மத்திய அரசின் மானியம் 2024 முதல் ஒரு கிலோவாட்டிற்கு 30,000 ரூபாய், இரண்டிற்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. வசதியுள்ள குடும்பங்கள் முன்வரலாம். இந்த அறக்கட்டளையின் மண்டபக் கூரையிலும் தகடுகள் அமைய வேண்டும் என்று நிருவாகிகளை இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மக்கள் பெரும்பாலும் சிற்றூர்களில் வேரூன்றிய உழவர்கள். அந்நாள்களில் சென்று தீர்மானம் முன்மொழியலாம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போது ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒரு குழு இருக்கிறது, அதற்கு எழுதலாம். துறைவாரியான மானியக் கோரிக்கைகள் பேரவையில் வருமுன் நம் தொகுதி உறுப்பினரை நேரில் கண்டு இரண்டு கேள்விகளைக் கொடுக்கலாம். ஆங்கிலம் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டா. 1956 முதல் தமிழே நம் மாநிலத்தின் ஆட்சிமொழி. பிழையற்ற நல்ல தமிழில் எழுதுங்கள். எழுதியதைத் திருத்தித் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். எங்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

“நாம் மிகச் சிறிய கூட்டம், நம் சொல் அரங்கேறுமா?” என்று சில பெரியவர்கள் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் ஒரு லட்சத்திற்கும் குறைவு. வாக்குக் கணக்கில் நாம் ஒரு பொருட்டல்லோம். ஆனால் கழுகுமலைப் பாறைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே திருமேனிகளைச் செதுக்குவித்தவர்களில் மன்னர்கள் பெயர்களைத் தேட வேண்டியதில்லை. குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும், மாணாக்கரும், தச்சரும், குயவரும் தத்தம் ஊர்ப் பெயரோடு அங்கே நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு சிற்பம் செய்வித்தார்கள். மலை முழுதும் அறமாயிற்று. எண்ணிக்கை சிறிதாக இருந்தவர்கள் செய்த வேலையே அது.

வேறொரு கேள்வியும் உண்டு. “அரசியல் நமக்கு எதற்கு?” எந்தக் கட்சியையும் நான் இங்கே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அரசமைப்பில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று, காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் ஆகியவற்றைக் காத்து, உயிர்கள்பால் கருணை கொள்ள வேண்டும் என்பது. உயிர்கள்பால் கருணை என்னும் கருத்து நாட்டின் உயர்ந்த சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அதை எடுத்துக் காட்டிப் பேச நம்மைவிட உரியவர் யார்?

அடுத்த கிராம சபை நாள் வருமுன் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து குடும்பங்களாவது ஒன்றுகூடி, தம் ஊர்க் குளத்தின் வரத்துக்கால் எது, அது இப்போது எங்கே தடைப்பட்டிருக்கிறது, ஊரின் பொதுக் கட்டடங்களில் எதன் கூரை வெயிலில் வெறுமனே கிடக்கிறது என்னும் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து மனுவாக்கி மனுக்கள் குழுவிற்கும் ஆணையத்திற்கும் அனுப்பும் பணியை நானும் என் நண்பர்கள் சிலரும் ஏற்கிறோம். வரும் ஆண்டு இதே விழாவில், எத்தனை மனுக்கள் சென்றன, எதற்கு விடை வந்தது என்று கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

 எவ்வுயிரும் இன்புறுக. ஜெய் ஜினேந்திரா.